சம்பந்திகள் சுருக்கிய சாலை

மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே கிடந்த இருநூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் சாலை முதன்முதலாகச் சுருங்கியது ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில். இலைக்கு உப்பு வைத்தாகிவிட்டது, பாயசம் இன்னும் வரவில்லை, அந்த இடைவெளியில். மாப்பிள்ளையின் தந்தையாகிய வெள்ளிங்கிரி, கோவைப் பீளமேட்டில் கிரைண்டர் பட்டறை வைத்திருப்பவர், எறும்பிடமும் மரியாதை சேர்த்துப் பேசும் பண்பினர், தம்ளரில் இருந்த நீரை ஒரு வாய் அருந்திவிட்டு, எவரையும் நோகச் செய்யும் எண்ணம் எள்ளளவும் இன்றிச் சொன்னார்:

"தண்ணி தப்பில்லீங்க சம்பந்தி. என்ன, சிறுவாணி குடிச்சுப் பழகுன நாக்குங்க. அதுதான் கொஞ்சம் அடம் புடிக்குது."

பெண்ணின் தந்தையாகிய கூடலிங்கம், மதுரைக் கீழமாசி வீதியில் பாத்திரக் கடை நடத்துபவர், நாள்தோறும் நெற்றி நிறைய நீறும் வாய் நிறையப் பதிகமுமாகக் கண்விழிப்பவர், பரிமாறிக்கொண்டிருந்த வாளியைத் தரையில் வைத்தார்.

"அடம் பிடிக்கட்டும் சம்பந்தி. எங்க ஊர்ல ஈசன் விறகு வித்தாரு, வளையல் வித்தாரு, தண்ணி மட்டும் விக்கல. ஏன் தெரியுமா? எங்க ஊருக்கு வந்தவன் தண்ணி கேக்க மாட்டான். இன்னொரு இட்லிதான் கேப்பான்."

பந்தி முழுவதும் சிரித்தது. அன்று மாலை கோவைக்குத் திரும்பிய வேன் கால் மணி நேரம் முன்னதாகவே வீட்டு வாசலில் நின்றது. ஓட்டுநர் அதைத் தம் திறமை என்று எண்ணிக்கொண்டார். உண்ட மயக்கத்தில் இருந்தவர்கள் எதையும் எண்ணவில்லை.

திருமணம் இனிதே நிறைவேறி, கூடலிங்கத்தின் ஒரே மகளாகிய மரகதவல்லி கோவை சென்று குடித்தனம் தொடங்கிய பின்னர், சம்பந்திகள் இருவருக்கும் ஒரு வழக்கம் அமைந்தது. காலை ஆறு மணிக்குக் கூடலிங்கம் பதிகம் ஓதி முடித்து, ஈசனைப் பாடிய நாவின் ஈரம் உலர்வதற்கு முன்பே தொலைபேசியை எடுப்பார். மறுமுனையில் வெள்ளிங்கிரி அதற்காகவே காத்திருப்பார்.

"சம்பந்தி, எந்திரிச்சாச்சா? இங்க மல்லிகை மூடைய அவுத்துட்டாய்ங்க. வாசம் போன் வழியா வருதா?"

"வரலீங்க. இங்க பாலக்காட்டுக் காத்து அடிக்குதுங்க. அதுக்கு முன்னால உங்கூரு வாசம் நிக்குமாங்க? சித்திரை மாசத்துல போர்வை போத்திக்கிட்டுப் பேசறனுங்க."

"சித்திரையில எங்க அழகர் ஆத்துலயே இறங்கிட்டாரு. நீங்க இன்னும் கட்டில்ல இருந்தே இறங்கலையா?"

"இறங்கட்டுமுங்க. ஆனா அவரு இறங்கறதுக்கு அணையத் தொறந்து தண்ணி உடோணுமாமா? சாமி வர்றாருன்னு ஆத்துக்கே சொல்லி அனுப்பற ஊரு உங்கூருதானுங்க!"

இவ்வாறு ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் ஒன்பது சொல்ல, சொல்லுக்கு அரை மைல் வீதம், சொல் நெஞ்சிலிருந்து வந்ததாயின் முழு மைல் வீதம், அந்தப் பெருவழி சத்தமின்றிச் சுருங்கிக்கொண்டே வந்தது. மைல்கல்லுக்கு மஞ்சள் பூசும் தொழிலாளர் ஒருவர், இரண்டு கற்கள் தோளோடு தோள் உரசி நிற்பதைக் கண்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூச்சாகப் பூசிவிட்டு வீடு சென்றார். அணுவுக்குள் அண்டத்தை அடக்கியவனுக்குத் தாராபுரத்தைப் பல்லடத்துக்குள் அடக்குவது ஒரு பெரிய வேலையா என்று மக்களும் அதை இயல்பாகவே எடுத்துக்கொண்டனர். நடுவில் இருந்த ஊர்கள் புடைவைக் கொசுவம்போல் ஒன்றன்மேல் ஒன்று மடிந்தன. பழனி மலை மட்டும் மடியவில்லை, தன்மேல் நிற்பவன் யாரென்று அதற்குத் தெரியும்.

பேருந்தில் ஏறியதும் உறங்கிப் பழகியவர்கள் ஒரு கொட்டாவிக்குள் ஊர் வந்துவிடுவதால் உறக்கம் கெட்டு மெலிந்தனர். நடத்துநர்கள் கடைசி வரிசைக்குச் சீட்டுக் கிழிக்கும் முன்னரே முன்வரிசை இறங்கிப் போயிற்று. பாதயாத்திரை அடியார்களின் பாடுதான் பெரும்பாடு: ஐந்து நாள் நடப்பதாக வேண்டிக்கொண்டு மதுரையில் காவடி எடுத்தவர்கள், முதல் நாள் நண்பகலிலேயே பழனி அடிவாரம் வந்து சேர்ந்து, மிச்சமிருந்த நான்கு நாள் நடையை நேர்த்தி தவறாமல் நின்ற இடத்திலேயே நடந்து தீர்த்தனர்; அவர்களுக்கு மோர் ஊற்றியவர்களும் ஓட வேண்டியிருக்கவில்லை. மதுரைக்காரர்கள் மாலைக் காற்று வாங்கக் கோவைக்கும், கோவைக்காரர்கள் இரவு இட்லிக்கு மதுரைக்கும் போய்வந்தனர். வீடுகளிலோ, கணவனிடம் கோபித்துக்கொண்டு "எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று புறப்பட்ட மருமகள்கள், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போய்த் திரும்பிவிட முடிந்ததால், அந்தச் சொல்லுக்கு இருந்த வலிமை முற்றிலும் போய்விட்டதென்று வருந்தினர்.

சாலை சுருங்குவதன் காரணத்தை ஆராய எவரும் மெனக்கெடவில்லை. முதலில் கண்டுபிடித்தவர் ஒருவரே. அவர் கூடலிங்கத்தின் மனைவி அங்கயற்கண்ணி. கூடலிங்கம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு நான்கு நாள் பேச்சின்றிக் கிடந்தபோது, சுருங்குவது நின்றது; ஐந்தாம் நாள், வீங்கிய கன்னத்தோடு அவர் "எங்க ஊர் பல் டாக்டர் மாதிரி உங்க ஊர்ல உண்டா சம்பந்தி?" என்று கேட்ட அன்று, பேருந்து மறுபடி ஐந்து நிமிடம் முன்னதாக வந்தது. அம்மையார் இதை எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

மரகதவல்லி கருவுற்றிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அங்கயற்கண்ணிக்கோ அது வழக்கம் மட்டுமன்று, பெற்றது ஒன்றே ஆதலின் வாழ்வில் ஒரே ஒரு முறை கிட்டக்கூடிய வரம். ஆனால் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: உடல் பலவீனம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் குலுங்கக் கூடாது. ஒன்பதாம் மாத வளைகாப்பு முடிந்து மகளை அழைத்து வரும் நாளில் கோவை ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருந்தால் பேறு மதுரையில், இல்லையேல் இல்லை. ஆகவே அன்று முதல் காலைக் காப்பியோடு கணவருக்குப் பெருமைகளையும் அவரே ஆற்றிக் கொடுத்தார்.

"ஏங்க, நம்ம ஊர்ல இருபத்துநாலு மணி நேரமும் சோறு கிடைக்கும்னு சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன் கண்ணி, திங்கக்கிழமையே."

"கோபுரத்தைப் பத்தி?"

"செவ்வாக்கிழமை."

"தெற்குக் கோபுரத்தைத் தனியாச் சொல்லலையே. நாளைக்குச் சொல்லுங்க. அழுத்திச் சொல்லுங்க."

எட்டாம் மாதத்தில் தொலைவு முப்பத்தொரு கிலோமீட்டராயிற்று. அப்போதுதான் மயிலாத்தாள் வந்தார். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளி மண்டி வைத்திருப்பவர்; குரல் எழுப்பினால் ஏலம் தானாக நிற்கும். மடிந்த தொலைபேசிக் கம்பி வழியே சம்பந்திகளின் காலைப் பேச்சு தம் மண்டியிலும் கேட்டதால் காரணம் அறிந்துகொண்டு, இரு நகரத்துப் பெரிய மனிதர்கள் முன்னிலையில் சம்பந்திகளிடம் போய் நின்றார்.

"ஏனுங்க, உங்க ரெண்டு பேரு பீத்தல்ல எங்க ஊரு கொசுவத்துக்குள்ள போயிருச்சு. என் மண்டிக் கூரை மேல திண்டுக்கல் பூட்டுக்கடை ஏறி உக்காந்திருக்குது. நான் தக்காளி எடை போட்டா அவன் பூட்டும் சேந்து எடை நிக்குது. உங்க பெருமைக்கு நாங்க நசுங்கோணுமா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. மேலும் இதே வேகத்தில் போனால் கோவையின் பஞ்சாலைப் புகைபோக்கி மதுரை வீதியில் தேரை இடிக்கும் என்ற அச்சமும் இருந்தது. ஆகவே இரு நகர் நல்லிணக்கக் குழு என்று ஒன்று கூடி, இனி எவரும் தம் ஊரைப் புகழக்கூடாது, எதிர் ஊரை மட்டுமே புகழ வேண்டும் என்று தீர்மானித்து, குற்றத்தின் மூலவர்களாகிய சம்பந்திகள் இருவரையுமே தலைவர்களாக்கி, ஆளுக்கொரு சரிகைச் சால்வை போர்த்தியது.

"கோவை மாநகரின் குளுமைக்கு ஈடு இணை இல்லை" என்று கூடலிங்கம் ஒலிபெருக்கியில் வாசித்தார்.

"மதுரை மாநகரின் பழமையை நாங்கள் தலைவணங்கிப் போற்றுகிறோம்" என்று வெள்ளிங்கிரி எதிர்வாசிப்பு வாசித்தார். வாழ்நாளில் முதன்முறையாக இருவரும் ஒருவரையொருவர் 'தாங்கள்' என்றனர்.

கைத்தட்டல் அடங்கும் முன்பே சாலை நீளத் தொடங்கியது. விழாவுக்கு அரை மணியில் வந்தவர்கள் வீடு திரும்ப ஒன்பது மணி நேரமாயிற்று. இருநூற்றுப் பதினைந்தைத் தாண்டியும் அது நிற்கவில்லை. மரியாதை கூடக்கூடத் தொலைவும் கூடி, பத்தே நாளில் அறுநூற்று நாற்பதைத் தொட்டது. ஒட்டன்சத்திரத்தில் காயாக ஏற்றிய தக்காளி கோவை போய்ச் சேரும்போது தொக்காக இருந்தது. மயிலாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அங்கயற்கண்ணிக்குத் தலையில் கை வைக்க நேரமில்லை. வளைகாப்பு மறுநாள்.

"ஏங்க, ஒரு தடவை. ஒரே ஒரு தடவை பழைய மாதிரிப் பேசுங்க."

"முடியாது கண்ணி. சால்வை வாங்கியிருக்கேன். கோவையைப் பத்தி ஒரு சொல் குறைச்சுச் சொன்னா நாக்கு அழுகிரும்."

"அந்தச் சால்வையை இங்க குடுங்க. பேரப்பிள்ளைக்குத் தூளி கட்டவாவது ஆகும்."

சால்வையைப் பையில் திணித்துக்கொண்டு, வேன் ஒன்றை அமர்த்தி, கணவரைக் கடையில் விட்டுவிட்டு, இரவு முழுவதும் தனியே பயணம் செய்து, கண் சிவக்கக் கோவை சேர்ந்தார்.

வளைகாப்பு குறைவின்றி நடந்தது. மகளின் இரு கைகளும் கண்ணாடி வளையல்களால் நிறைந்தன. அவற்றின் ஒலிக்கு நடுவே, வாசலுக்கு வெளியே சாலை கயிறு முறுக்குவதுபோல் முனகிக்கொண்டு நீள்வது அங்கயற்கண்ணியின் காதுக்கு மட்டும் கேட்டது. ஏனெனில் வெள்ளிங்கிரி, தோளில் சால்வையோடு, வந்தவர்களிடமெல்லாம் மதுரையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"மருமகளைக் கூட்டிட்டுப் போறதுக்கு வழியில்லீங்களே சம்பந்தியம்மா" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "பன்னெண்டு மணி நேரம். டாக்டர் ஒத்துக்க மாட்டாருங்க. பேறு இங்கயே ஆகட்டுமுங்க. மதுரை மாதிரிப் புண்ணிய பூமியில பொறக்கக் குடுத்து வைக்கலை, அவ்வளவுதானுங்க."

வெளியே சாலை மேலும் நான்கு மைல் நீண்டது. மரகதவல்லி தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, என்னை இங்க விட்டுட்டுப் போயிருவியா?" என்றாள்.

அங்கயற்கண்ணி கைபேசியில் கணவரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, வளையல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மனத்துக்குள் ஈசனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார்.

"அண்ணே, உங்க பேரூர்ல ஈசன் நாத்து நட்டாராமே. அம்மையையும் கூட்டிக்கிட்டுச் சேத்துல இறங்கிட்டாராம். ஏண்ணே, கடவுளைச் சும்மா உக்கார வச்சுச் சோறு போடக்கூட உங்க ஊர்ல வசதி இல்லையா?"

வெள்ளிங்கிரியின் காது மடல் சிவந்தது.

"சம்பந்தியம்மா, நான் குழுத் தலைவருங்க."

"தலைவராவே இருங்கண்ணே. பதில் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க."

வெள்ளிங்கிரி சால்வையைக் கழற்றி, நான்காக மடித்து, சம்பந்தியம்மாவின் கையில் கொடுத்தார்.

"எங்கூர்ல சாமி உழைச்சாருங்க! எடுத்த நாத்தை நட்டு முடிச்சுப்போட்டுத்தான் கரை ஏறுனாருங்க! உங்கூர்ல என்ன பண்ணுனாரு? மண்ணு சுமக்கறேன்னு கூலிக்கு வந்து, வந்தி கிட்டப் புட்டை வாங்கித் தின்னுபோட்டு, கூடையத் தலைக்கு வெச்சுத் தூங்கிப்போட்டாரு! அதுக்குத்தானுங்க பாண்டியன் பிரம்படி போட்டான்!"

"யோவ் சம்பந்தி!" என்று தட்டுக்குப் பக்கத்திலிருந்து கைபேசி அலறியது. "அந்த அடி யாரு முதுகுல விழுந்துச்சு தெரியுமாய்யா? உலகத்துல இருக்கிற அத்தனை முதுகுலயும் விழுந்துச்சு! உங்க தாத்தா முதுகைத் தடவிப் பாருய்யா, தழும்பு இருக்கும்! நீ நட்ட நாத்து யாரு வயித்துக்குய்யா ஆச்சு?"

"யாரு வயித்துக்குங்களா? நாங்க நட்ட நாத்துல வெளைஞ்ச அரிசி வந்துதானுங்க உங்க வந்தி புட்டே அவிச்சா!"

இவ்வளவு பெரிய பெருமையை அந்தச் சாலை அதுவரை கேட்டதில்லை. அறுநூற்று நாற்பது கிலோமீட்டரும் ஒரே மூச்சில் இருநூறாயிற்று. பொள்ளாச்சித் தென்னைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பின்வாங்கின. அங்கயற்கண்ணி மகளைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றி, இரு சால்வைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "எடுப்பா வண்டியை. அவங்க மூச்சு வாங்கறதுக்குள்ள போயிரணும்" என்றார்.

பின்னால் பீளமேட்டில் வெள்ளிங்கிரி வளையல் தட்டைப் பார்த்துக் கூவினார். முன்னால் கீழமாசி வீதியில் கூடலிங்கம் குத்துவிளக்குகளுக்கு நடுவே நின்று பதில் கூவினார். வழிநெடுக உடுமலைக் காற்றாலைகள் அருகருகே வந்து ஒன்றின் இறக்கையை மற்றொன்று தட்டின. பழனி மலை வழிவிட்டு நின்றது. பேச்சு கோயிலிலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து கொத்துப் பரோட்டாவுக்கும், பரோட்டாவிலிருந்து அரிசிம்பருப்புச் சாதத்துக்கும் இறங்கி, இறங்க இறங்க வேகம் கூடியது. நாற்பதாவது நிமிடத்தில் வேன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குள் நுழைந்தபோது, பீளமேட்டில் வளையல் தட்டருகே விட்டுவந்த கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. வலப்புறத்திலிருந்து ஒரு குரலும் இடப்புறத்திலிருந்து ஒரு குரலும் நேரடியாகவே கேட்டன.

"அம்மா, வலிக்குது" என்றாள் மரகதவல்லி.

மயிலாத்தாள் ஏலத்தை நிறுத்தினார். நூறு தக்காளிப் பெட்டிகளைச் சுவராக அடுக்கச் சொல்லி, எதிரே இருந்த மருத்துவமனையிலிருந்து செவிலியரை ஏறக்குறைய தூக்கிக்கொண்டே வந்து, சுமை தூக்குவோரை முதுகு காட்டி நிற்கச் செய்தார். கால் மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதன் முதல் அழுகை இரு நகரங்களிலும் ஒருசேரக் கேட்டது.

கூடலிங்கம் கடையை விட்டு இறங்கினார்; எதிரே தக்காளி. வெள்ளிங்கிரி வீட்டை விட்டு இறங்கினார்; எதிரே தக்காளி. பெட்டிச் சுவரின் இருபுறமும் இரு தாத்தாக்களும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆளுக்கொரு மாநகரமும் வந்து நின்றன. கோபுரத்தின் நிழல் மண்டியின் ஒரு பாதியிலும் புகைபோக்கியின் நிழல் மறு பாதியிலும் விழுந்தது. குழந்தை நடுவில் கிடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தனர்.

"வாயைத் தொறக்காதீங்க!" என்றார் மயிலாத்தாள். "இன்னும் ஒரு பெருமை பேசுனீங்கன்னா ரெண்டு ஊரும் என் கூரை மேல ஏறிரும். பச்சப்புள்ளை கீழ இருக்குது."

இருவரும் இழுத்த மூச்சோடு நின்றனர். தம் ஊரைப் புகழ்ந்தால் பேத்தி நசுங்குவாள். எதிர் ஊரைப் புகழ்ந்தால் பேத்தியை விட்டு நூறு மைலுக்கு அப்பால் எறியப்படுவார்கள். செய்யக்கூடியதாக ஒன்றே எஞ்சியிருந்தது, குழந்தையைப் பார்த்தனர்.

"மூக்கு..." என்று கூடலிங்கம் தொடங்கினார்.

"வேண்டாமுங்க சம்பந்தி" என்றார் வெள்ளிங்கிரி, கண் கலங்க. "மூக்கு யாருதா வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டுமுங்க."

அங்கயற்கண்ணி இரு சால்வைகளையும் சேர்த்து முடிந்து, மண்டியின் தராசுக் கொக்கியில் தூளி கட்டினார். மயிலாத்தாள் குழந்தையை அதில் கிடத்தி, இடுப்பில் கை வைத்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க ஊர்ல சாமி மண்ணு சுமந்தாரு. சரி. உங்க ஊர்ல நாத்து நட்டாரு. அதுவும் சரி. எங்க ஊருக்கு அவரு என்ன செஞ்சாருன்னு இத்தனை நாளா ஒருத்தரும் கேக்கலை. இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. இந்தப் புள்ளை பொறந்த ஊரு ஒட்டன்சத்திரம்!"

அவர் அதைச் சொன்ன மாத்திரத்தில் சந்தை ஒரு முழம் அகன்றது. இரு மாநகரங்களும் ஒரு முழம் பின்னால் நகர்ந்தன. மண்டிக் கூரை மேலிருந்த பூட்டுக்கடைக்காரர் நன்றி சொல்லிவிட்டு இறங்கித் திண்டுக்கல் போனார்.

தாய்வீடு அன்று பத்தடி தூரத்தில் இருந்ததால், மரகதவல்லி குழந்தையை ஏந்தி நடந்தே மதுரைக்குள் நுழைந்தாள். அங்கயற்கண்ணி ஆரத்தி எடுத்தார். மூன்று மாதச் சீராட்டு எந்தக் குறையும் இன்றி நடந்தது. அந்த மூன்று மாதமும் காலை ஆறு மணி அழைப்பில் மயிலாத்தாளும் சேர்ந்துகொண்டார். அவர் தக்காளியைப் பற்றியும் முருங்கைக்காயைப் பற்றியும் பேசப்பேச, மடிந்த ஊர்கள் ஒவ்வொன்றாக விரிந்து தத்தம் இடம் சேர்ந்தன. சம்பந்திகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டனர். சாலை இருநூற்றுப் பதினைந்துக்கு வந்ததும், மூவரும் முறை வைத்துப் பேசி, அதை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கின்றனர்.

குழந்தைக்கு இப்போது மூன்று வயது. மதுரையில் இருக்கும்போது கோவைப் போர்வை கேட்கிறாள், கோவையில் இருக்கும்போது மதுரை இட்லி கேட்கிறாள். ஆனால் எவரேனும் கன்னத்தைக் கிள்ளி, "எந்த ஊரு கண்ணு நீ?" என்று கேட்டால், இரு தாத்தாக்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, "ஒட்டன்சத்திரம்!" என்கிறாள். அவள் அதைச் சொல்லும் போதெல்லாம் கீழமாசி வீதியில் பாத்திரங்கள் கணகணவென்று ஆடுகின்றன; பீளமேட்டில் கிரைண்டர் கற்கள் தாமாகவே ஒரு சுற்றுச் சுற்றுகின்றன; இரண்டு மாநகரங்களும் வாய் பேசாமல் ஓரடி தள்ளி நின்று, அவளுக்கு இடம் விடுகின்றன.